கிரீன் கார்டு கையில், வாக்காளர் அட்டை தபாலில்: என்ன செய்வது?

கேள்வி: இல்லினாய்ஸ் மாநிலத்தில் நேப்பர்வில்லில் இருக்கிறேன். கிரீன் கார்டு வாங்கி நான்கு வருடம் ஆகிறது, அடுத்த வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க எண்ணம். சில மாதம் முன்பு ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்தேன். இப்போது கவுண்டி தேர்தல் அலுவலகத்திலிருந்து என் பெயருக்கு வாக்காளர் பதிவு அட்டை வந்திருக்கிறது. நான் எதையும் கேட்டு வாங்கவில்லை. உரிம அலுவலகத்தில் திரையில் என்ன தொட்டேன் என்றும் நினைவில்லை. “அரசாங்கமே அனுப்பியிருக்கிறது, தாராளமாகப் போய் ஓட்டுப் போடு” என்கிறார் நண்பர். “கிழித்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்” என்கிறார் மனைவி. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் வேண்டாம். ஓட்டுப் போடாதீர்கள், அட்டையைக் கிழிக்கவும் செய்யாதீர்கள். வந்த உறையோடு அப்படியே எடுத்து வையுங்கள். தபால் முத்திரையில் இருக்கும் தேதி பின்னால் உங்களுக்கு உதவும்.

நண்பரின் பேச்சில் ஒரு நியாயம் இருப்பதுபோல் தெரியும். காரணம், நம் ஊர்ப் பழக்கம். இந்தியாவில் வாக்காளர் அட்டை வருகிறது என்றால் யாரோ ஒரு அலுவலர் ஆவணத்தைப் பார்த்து, வீட்டுக்கு வந்து விசாரித்து, பெயரைச் சேர்த்திருப்பார். அமெரிக்காவில் நடைமுறை வேறு. 1993-ல் வந்த தேசிய வாக்காளர் பதிவுச் சட்டப்படி, ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகிறவர்களிடம் அங்கேயே வாக்காளர் பதிவுக்கும் வழி செய்ய வேண்டும். கூட்டாட்சி அரசின் வாக்காளர் பதிவுப் படிவத்தில் ‘நான் அமெரிக்கக் குடிமகன்’ என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் போதும். அரிசோனா மாநிலம் இதற்கு மேல் குடியுரிமை ஆவணமும் காட்ட வேண்டும் என்று கேட்டபோது, கூட்டாட்சிப் படிவத்தில் வருகிறவர்களிடம் அப்படிக் கேட்க முடியாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிபர் டிரம்ப் 2025 மார்ச்சில் போட்ட ஆணை அந்த ஆவணத்தைக் கட்டாயமாக்கப் பார்த்தது. அதையும் வாஷிங்டன் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் தடுத்து நிறுத்தினார்.

ஆக, சரிபார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் கையெழுத்துப் போடுகிறவர் தலையில்தான். அட்டை வந்ததாலேயே உங்கள் தகுதியை யாரோ பரிசீலித்து ஒப்புக்கொண்டதாக அர்த்தம் இல்லை.

சட்டத்தின் கடுமையைச் சொல்லிவிடுகிறேன். குடிமகன் அல்லாதவர் கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டால் ஓராண்டு வரை சிறை. பதிவுக்காகக் குடிமகன் என்று தெரிந்தே பொய் சொன்னால் ஐந்தாண்டு வரை. ஆனால் நம்மவர்கள் பயப்பட வேண்டியது சிறைக்கு அல்ல. 1996-ல் குடியேற்றச் சட்டத்தில் சேர்த்த இரண்டு பிரிவுகள் அதைவிடக் கொடியவை. சட்டத்தை மீறி ஓட்டுப் போட்டாலும் நாடு கடத்தலாம், எந்தப் பலனுக்காகவாவது குடிமகன் என்று பொய்யாகச் சொல்லிக்கொண்டாலும் நாடு கடத்தலாம். இதற்கு வழக்கமான மன்னிப்பு மனு எதுவும் கிடையாது. பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருந்து, 16 வயதுக்குள் இங்கே நிரந்தரமாகக் குடியேறி, தானும் குடிமகன் என்று நியாயமாக நம்பியவர்களுக்கு ஒரு சின்ன விலக்கு உண்டு. உங்களுக்கு அது பொருந்தாது. ‘சட்டம் தெரியாமல் செய்துவிட்டேன்’ என்பதும் அங்கே அனேகமாக எடுபடாது.

உங்கள் மாநிலத்திலேயே நடந்த இரண்டு வழக்குகளைப் பாருங்கள். இரண்டும் சிகாகோவில் இருக்கும் ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தவை. இரண்டிலும் குடிமகள் அல்லாத பெண், உரிம அலுவலகத்தில் பதிவு, 2006-ல் ஓட்டு. தீர்ப்பு எழுதியவரும் ஒரே நீதிபதி, ஃபிராங்க் ஈஸ்டர்புரூக்.

முதல் பெண் பிலிப்பைன்ஸிலிருந்து திருமண விசாவில் வந்தவர். பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டினேன், அதிகாரிதான் பதிவு செய்து கொடுத்தார் என்றார். 2012-ல் வந்த தீர்ப்பு அவருக்குச் சாதகம்: உண்மையைச் சொன்ன ஒருவரை, அதிகாரம் உள்ள அதிகாரியே பதிவு செய்துவிட்டு, அப்புறம் அதே அரசு தண்டிக்க முடியாது. அவர் சொல்வது உண்மையா என்று பாருங்கள் என்று வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டாவது பெண் பெரு நாட்டுக்காரர், கிரீன் கார்டு வைத்திருந்தவர். அவரும் கிரீன் கார்டையும் பெரு பாஸ்போர்ட்டையும் காட்டினார். பதிவு செய்ய வேண்டுமா என்று அலுவலரைக் கேட்டதற்கு, ‘உங்கள் விருப்பம்’ என்று பதில் வந்தது. ஆனால் படிவத்தில் குடிமகன் என்ற கட்டத்தில் அவர் குறியிட்டிருந்தார். அவ்வளவுதான். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர், பொய்யான குறியிட்டதற்குச் சாக்கு இல்லை என்று சொல்லி 2017-ல் நாடு கடத்தும் உத்தரவை உறுதி செய்தார்கள். மூன்று மகள்களுக்குத் தாய் அவர்.

ஓர் அரசின் ஒரு கை படிவத்தை நீட்டுகிறது, இன்னொரு கை அதற்காக வெளியே தள்ளுகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் இப்போது இப்படித்தான் இருக்கிறது, உங்கள் வழக்கும் அந்த ஒரு குறியில்தான் நிற்கிறது.

அதனால் நீங்கள் முதலில் தேட வேண்டியது, உரிம அலுவலகத்தில் பதிவான உங்கள் விண்ணப்பத்தின் நகல். இல்லினாய்ஸில் உரிமம் கொடுப்பது மாநிலச் செயலர் அலுவலகம், கேட்பது அங்கேதான். நீங்கள் ‘குடிமகன் இல்லை’ என்றே பதில் கொடுத்திருந்தும் கணினி உங்களைச் சேர்த்திருக்கலாம். நடக்காத கதை இல்லை இது: ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ‘குடிமகன் இல்லை’ என்று சொல்லியும் அவர்கள் விவரம் தேர்தல் அதிகாரிகளுக்குப் போய்விட்டது என்று 2020 தொடக்கத்தில் இதே மாநிலத்தில் வெளிவந்தது. கலிபோர்னியாவில் 2018-லும், ஓரிகனில் 2024-லும் இதே மாதிரி குளறுபடிகள். ஓரிகனில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். உங்களுடையதும் இந்த வகை என்றால் நிம்மதியாக மூச்சு விடலாம், ஆதாரம் உங்கள் பக்கம். பரபரப்பில் ‘ஆம்’ என்று தொட்டிருந்தால் நிலைமை வேறு. கதவு அப்போதும் முழுக்க அடைபடவில்லை. அரசு கண்டுபிடிக்கும் முன்பே, நீங்களாகவே முன்வந்து திருத்திக்கொண்டால் அந்தத் திருத்தத்துக்குக் குடியேற்றச் சட்டத்தில் மதிப்பு உண்டு. நேர்காணலில் அதிகாரி கேட்ட பிறகு திருத்துவது அந்தக் கணக்கில் வராது.

அந்தத் திருத்தக் கடிதத்தை நீங்களே உட்கார்ந்து எழுதி அனுப்பிவிடாதீர்கள். ‘தவறுதலாகக் குடிமகன் என்று குறித்துவிட்டேன்’ என்று நல்லெண்ணத்தில் எழுதும் ஒரு வரி, உங்களுக்கு எதிரான வாக்குமூலம் ஆகிவிடலாம். முதலில் குடியேற்ற வழக்கறிஞர். வரிக் கணக்கு பார்ப்பவரோ, வாட்ஸ்அப் குழுவோ, உங்களுக்கு விசா போட்டுக் கொடுத்த கம்பெனி வக்கீலோ அல்ல. நாடு கடத்தல் வழக்குகளை நீதிமன்றத்தில் நடத்தியவராகப் பாருங்கள். அவர் வழியாகக் கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்குப் பதிவு ரத்துக் கடிதம் போகட்டும். ரத்தானதற்கான சான்றையும், உங்கள் பெயரில் ஓட்டு எதுவும் பதிவாகவில்லை என்பதற்கான பதிவேட்டு நகலையும் எழுத்தில் வாங்குங்கள். இவை கையில் வரும்வரை ஊருக்கு டிக்கெட் போடும் முன்பும் வழக்கறிஞரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

மனைவி சொல்வதுபோல் பேசாமல் இருந்தால் என்ன? குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் என்-400 படிவத்தில் அந்தக் கேள்வி நேரடியாகவே வரும்: எப்போதாவது குடிமகன் என்று சொல்லிக்கொண்டதுண்டா, எப்போதாவது வாக்காளராகப் பதிந்ததோ ஓட்டுப் போட்டதோ உண்டா. ‘இல்லை’ என்று எழுதினால், இதுவரை இல்லாத பொய்யை உறுதிமொழியின் பேரில் நீங்களே உருவாக்குகிறீர்கள். பதிவு நடந்தது என்றால் ‘ஆம்’ என்றே எழுதி, விளக்கத்தையும் நகல்களையும் இணைக்க வேண்டும்.

பட்டியல்களைச் சலிப்பதும் இப்போது கூடியிருக்கிறது. குடியேற்றத் துறையின் சேவ் என்ற சரிபார்ப்புத் தளத்தை 2025-ல் விரிவாக்கி, வாக்காளர் பட்டியலை மொத்தமாக ஒப்பிட மாநிலங்களுக்கு வசதி செய்தார்கள். பட்டியல் தராத மாநிலங்கள் மீது கூட்டாட்சி அரசின் நீதி அமைச்சகம் அதே ஆண்டில் வழக்குகள் போட்டது. குடிமகன் அல்லாதவர்கள் ஓட்டுப் போடுவது அபூர்வம் என்பதே மாநிலங்களின் தணிக்கைகள் திரும்பத் திரும்பக் காட்டுவது. ஆனால் அபூர்வமாக இருப்பதாலேயே, அகப்படும் ஒருவரை அரசியல் மேடையில் நிறுத்தும் ஆசை இரு மடங்கு. (ஒரு காலத்தில் இந்த நாட்டில் பல மாநிலங்களில் குடிமகன் அல்லாதவர்களுக்கு ஓட்டு இருந்தது. இல்லினாய்ஸ் 1848-ல் நிறுத்தியது, கடைசியாக ஆர்கன்சா 1926-ல்.)

இன்றும் சில உள்ளூர்த் தேர்தல்களில் அந்த உரிமை உண்டு. மேரிலாந்தில் டகோமா பார்க், சான் பிரான்சிஸ்கோவில் பள்ளி வாரியம், உங்களுக்குப் பக்கத்தில் சிகாகோவின் பள்ளி அளவிலான குழுக்கள். நேப்பர்வில்லுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. அந்த ஊர்களிலேயே குடியிருந்தாலும் வழக்கறிஞரைக் கேட்காமல் போகாதீர்கள். நியூயார்க் நகரம் இப்படி ஒரு சட்டம் போட்டு, 2025-ல் மாநிலத்தின் உச்ச அமர்வு அதைச் செல்லாது என்றுவிட்டது.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். இந்தியக் கடை வாசலில் வேட்பாளர் மனுவோடு நிற்பவர்கள் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள், அது வாக்காளர்கள் போட வேண்டிய கையெழுத்து. ஜூரி அழைப்பு வந்தால் ‘குடிமகன் இல்லை’ என்று குறித்துத் திருப்பி அனுப்பி, நகலை இந்த அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

அரசியலில் ஈடுபாடு இருந்தால் அதற்குத் தடை இல்லை. நிரந்தரக் குடியிருப்பாளர் என்ற முறையில் உங்கள் சொந்தப் பணத்திலிருந்து வேட்பாளருக்கு நன்கொடை கொடுக்கலாம், பிரசாரத்தில் சம்பளமில்லாமல் வேலையும் செய்யலாம். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் உழைப்பைக் கொடுக்கலாம், பணம் கொடுக்கக் கூடாது. அதனால் உங்கள் தம்பியோ நண்பரோ அந்த விசாவில் இருந்தால், அவர் பணத்தை உங்கள் பெயரில் கொடுக்கும் யோசனையும் வேண்டாம். பிறர் பணத்தைத் தன் பெயரில் கொடுப்பது தனிக் குற்றம்.