4 அங்குல '6 கிலோ' பிவிசி பைப்பில் செய்த நீர்மூழ்கிக் கேமரா உறை 60 மீட்டர் ஆழம் தாங்குமா?

தாங்காது. 60 மீட்டர் இருக்கட்டும், அந்தப் பைப்பை நம்பி 20 மீட்டருக்கே இறக்கக் கூடாது.

நீங்கள் காலேஜ் புராஜெக்ட் செய்பவர் என்று நினைக்கிறேன். கணக்கு இப்படிப் போயிருக்கும்: 10 மீட்டர் தண்ணீருக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 1 கிலோ அழுத்தம், பைப்பில் 6 கிலோ என்று அச்சடித்திருக்கிறது, ஆகவே 60 மீட்டர். கடைக்காரரும் தலையாட்டியிருப்பார். ஆனால் அந்த 6 கிலோ, பைப்புக்கு உள்ளே ஓடும் தண்ணீருக்கு ஐ.எஸ். 4985 என்ற இந்தியத் தரநிலை கொடுக்கும் எண். உள்ளிருந்து தள்ளினால் பைப் இன்னும் வட்டமாகத்தான் ஆகும். வெளியிலிருந்து அழுத்தினால் ஒரு பக்கம் லேசாகக் குழிந்து, அந்தக் குழி அடுத்த நொடியே முழுப் பைப்பையும் சப்பையாக்கிவிடும். கசிவு போல முன்னறிவிப்பெல்லாம் இருக்காது.

ஆற்றுப்படுகையில் மோட்டார் போட்டவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஃபுட் வால்வில், அதாவது உறிஞ்சும் பைப்பின் அடிமுனை வால்வில், குப்பை அடைத்துக்கொண்டால் மெல்லிய சக்‌ஷன் பைப் அப்படியே சப்பிப்போகும். அங்கே வெளியே இருப்பது வெறும் காற்றழுத்தம், அதாவது 10 மீட்டர் தண்ணீருக்குச் சமம்.

இனி கணக்கு. வெளிவிட்டத்தைச் சுவர்த் தடிமனால் வகுங்கள். வந்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து வர்க்கம் எடுங்கள், அந்த வர்க்கத்தை முதலில் வந்த எண்ணால் பெருக்குங்கள். 6,60,000-ஐ அந்தப் பெருக்குத்தொகையால் வகுத்தால், பைப் நசுங்கும் ஆழம் மீட்டரில் கிடைக்கும். சாதாரண விறைப்பான பிவிசிக்கு மட்டும் இது பொருந்தும். கடையில் 4 அங்குலம் என்று தரும் 110 மி.மீ. பைப்பில் சுவர் 2.5 மி.மீ. (4 கிலோ ரகம்) என்றால் 8 மீட்டர். 3.7 மி.மீ. (6 கிலோ) என்றால் 27 மீட்டர். 6 மி.மீ. (10 கிலோ) என்றால் 120 மீட்டர். சுவர் ஒன்றரை மடங்குதான் கூடியது, ஆழமோ நான்கு மடங்குக்கு மேல். கழிவுநீருக்குப் போடும் எஸ்.டபிள்யூ.ஆர். பைப்பில் 3.2 மி.மீ. சுவர் இருந்தால் 17 மீட்டரோடு முடிந்தது.

இது தொழிற்சாலையில் புதிதாக வந்த, கச்சிதமான வட்டமான, குளிர்ந்த பைப்புக்கான எண். இதை மூன்றால் வகுத்துத்தான் இறக்க வேண்டும். "குட்டைப் பைப்புக்கு இரு முனை மூடிகளும் முட்டுக் கொடுக்கும், இன்னும் ஆழம் தாங்கும்" என்று யாராவது பின்னூட்டத்தில் எழுதுவார்கள். உண்மைதான், எனக்கும் தெரியும். ஆனால் அந்த லாபத்தைத் தின்ன மூன்று விஷயங்கள் இருக்கின்றன. கடை வாசலில் வெயிலில் அடுக்கிய பைப் முட்டை வடிவமாகியிருக்கும். சித்திரை வெயிலில் படகில் கிடந்த பைப்பின் விறைப்பு குறைந்திருக்கும். நாள்கணக்கில் தண்ணீருக்கடியில் விட்டால் பிளாஸ்டிக் மெதுவாக விட்டுக்கொடுக்கும். ஆக 6 கிலோ பைப்புக்கு 9 மீட்டர், 10 கிலோ பைப்புக்கு 40 மீட்டர். மேட்டூர் 120 அடி நிரம்பியிருந்தால் அது 36.6 மீட்டர், 10 கிலோ பைப்பே அங்கே விளிம்பில்தான் நிற்கும்.

இன்னொரு தவறான நம்பிக்கை: சிறிய பைப் எடுத்தால் ஆழம் கூடும் என்பது. 63 மி.மீ. 6 கிலோ பைப்பிலும் விட்டத்துக்கும் சுவருக்குமான விகிதம் ஏறத்தாழ அதேதான், ஆகவே நசுங்கும் ஆழமும் அதேதான். கிலோவைத்தான் கூட்ட வேண்டும். கிலோவுக்குப் பதில் ஷெட்யூல் 40 என்ற தடிமன் கணக்கில் வரும் பைப்பில் மட்டும் சிறிய அளவுக்கு உண்மையிலேயே லாபம் உண்டு: ஒன்றரை அங்குலத்தில் 3.7 மி.மீ. சுவர் கிடைக்கும், வகுத்தால் 13தான் வரும். கேமராவும் சின்ன போர்டும் அதில் அடங்கினால் 4 அங்குலம் பக்கம் போகவே வேண்டாம். நான்கு அங்குலம்தான் தேவை என்றால் ஷெட்யூல் 80 கேளுங்கள், சுவர் 8.5 மி.மீ.

போர்வெல் சாமான் கடைகளிலும் பாருங்கள். கேசிங் பைப் மண்ணின் வெளியழுத்தத்தைத் தாங்கவே செய்யப்படுவது, ஐ.எஸ். 12818. சப்மெர்சிபிள் மோட்டார் தொங்கவிடும் காலம் (column) பைப்பும் தடிமனானது, நல்ல தேர்வு. ஆனால் அதன் மரையையும் ரப்பர் வளையத்தையும் நம்பாதீர்கள்; அவை உள்ளழுத்தத்துக்கு அமைந்தவை. மரைப் பகுதியை அறுத்துவிட்டு நடுத்துண்டை எடுங்கள். கறுப்பு எச்.டி.பி.இ. (பாலிஎத்திலீன்) பைப் வேண்டாம்: விறைப்பு பிவிசியில் மூன்றில் ஒரு பங்குதான், பசையும் ஒட்டாது.

வாங்கும்போது கையில் காலிப்பர் இருக்க வேண்டும். சுவரை நான்கு இடத்தில் அளந்து மிகக் குறைந்ததைக் கணக்கில் எடுங்கள். வெளிவிட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தால் வித்தியாசம் 1 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத, சுண்ணாம்புத் தூள் அதிகம் கலந்த பைப் அறுக்கும்போதே ஓரம் சில்லுசில்லாகப் பெயரும். அதைத் தொடாதீர்கள்.

பைப் சரியாக இருந்தும் மூடியில் போகிறவர்கள் நிறைய. 30 மீட்டரில் 110 மி.மீ. மூடியின் மேல் 285 கிலோ உட்கார்ந்திருக்கும். தட்டையான அக்ரிலிக் ஜன்னல் 10 மி.மீ. தடிமனுக்குக் குறையக் கூடாது, 5 மி.மீ. போட்டால் அதில் விழும் தகைவு நான்கு மடங்கு. தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் பைப்பின் உட்சுவரில் உட்கார வைக்காதீர்கள், அந்தச் சுவர் வட்டமும் இல்லை, வழுவழுப்பும் இல்லை. பைப் முனையில் ஃபிளாஞ்ச் (விளிம்புத் தட்டு) ஒட்டி, லேத்தில் முகத்தைச் சீவி, அதில் பள்ளம் எடுத்து வையுங்கள். சால்வென்ட் சிமெண்ட் ஒட்டியபின் நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டு நாளாவது திறந்தே கிடக்கட்டும். ஆவி உள்ளே தங்கினால் அக்ரிலிக்கிலும் பாலிகார்பனேட்டிலும் மயிரிழை வெடிப்புகள் வரும். கேபிளின் மேலுறைக்குள் தண்ணீர் ஊர்ந்து வரும். எனவே மேலுறையை உரித்து ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே எபாக்ஸியில் புதையுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் போயின. டெல்டா முழுக்க எத்தனை ரெகுலேட்டர்கள், எத்தனை பாலத் தூண்கள்! அவற்றின் அடியைப் பார்க்கத் தண்ணீர் வற்றும்வரை காத்திருக்கிறோம். இந்த வேலைக்குக் கேமரா செய்யத் துடிக்கும் பிள்ளைகளிடம், பணம் கொடுத்தால் ரிப்போர்ட்டோடு ரெடிமேட் புராஜெக்ட் தருகிறோம் என்று கடை விரிக்கிறார்கள். வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு போஸ்டரில் 100 மீட்டர் என்று போட்டுக்கொள்கிறார்கள். வயிறு எரிகிறது.

சோதனைக்கு வருகிறேன். எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் வைக்காமல், டிஷ்யூ பேப்பர் அடைத்து மூடுங்கள். முதலில் கைப்பம்பால் உள்ளே பாதிக் காற்றை உறிஞ்சி, கால் மணி நேரம் கேஜ் முள் அசைகிறதா பாருங்கள். பிறகு இதைவிடப் பெரிய, தடித்த இரும்புக் குழாய்க்குள் வைத்து, காற்று துளியும் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, பிளம்பர்கள் லைன் டெஸ்ட் செய்யும் கைப்பம்பால் இறங்கப்போகும் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தம் ஏற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். கம்பிரசர் காற்றால் சோதிக்கவே சோதிக்காதீர்கள். வெடித்தால் பிவிசி துண்டுகள் கண்ணுக்குத்தான் வரும். வெளியே எடுத்ததும் விட்டத்தை மறுபடி குறுக்கும் நெடுக்குமாக அளங்கள். முன்பிருந்ததைவிட முட்டை வடிவம் கூடியிருந்தால், பேப்பர் காய்ந்தே இருந்தாலும் அந்தப் பைப்பை ஒதுக்கிவிட்டு அடுத்த தடிமனுக்குப் போங்கள்.