52-ல் 27 போனால் 35: இதை ஆய்வுத் தலைப்பாகக் கொடுக்கலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். செயலாராய்ச்சிக்கு (ஆசிரியர் தன் வகுப்பிலேயே ஒன்றைச் செய்து பார்க்கும் ஆய்வு) தலைப்பு கேட்டிருக்கிறார்கள். தேசிய முன்னுரிமையோடு பொருந்த வேண்டுமாம். கூட வேலை பார்ப்பவர்கள் 'டிஜிட்டல் கற்றல்' என்று எழுதச் சொல்கிறார்கள். எனக்கோ பிள்ளைகள் 52-ல் 27 போனால் 35 என்று எழுதுவதுதான் கவலை. என்ன எழுத?

பதில்: கழித்தலையே எழுதுங்கள். 'டிஜிட்டல் கற்றல்' வெறும் தலைப்பு. அதற்கு விடை கிடைத்தால் நாளைக் காலை யார் எதை மாற்றிச் செய்வார்கள் என்று கேட்டால் பதில் வராது. தில்லியானாலும் ஒன்றியமானாலும் முன்னுரிமைக்கு இந்தக் கேள்விதான் உரைகல் என்பது என் கட்சி.

பிள்ளைகளின் கற்றல் திறனைச் சோதிக்க 2024 டிசம்பரில் நடந்த பரக் தேசியக் கணக்கெடுப்பில், 99 வரையுள்ள எண்களை ஏறுவரிசை, இறங்குவரிசையில் எழுத முடிந்தது மூன்றாம் வகுப்பில் 55 சதவீதம் பேருக்குத்தான். ஆக, உங்கள் கவலை ஊர்க் கவலை மட்டும் இல்லை. ஆனால் கணக்கெடுப்பு எத்தனை பேர் என்று சொல்லும்; ஏன் என்று சொல்லாது.

35 எப்படி வருகிறது? 2-ல் 7 போகாது, சரி, 7-ல் 2 போகட்டும் என்று பிள்ளை 5 போடுகிறது. அடுத்து 5-ல் 2 போக 3. கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிடுகிறோம். பிள்ளையோ தானாக ஒரு விதி வகுத்து, அதை ஒழுங்காகவே பின்பற்றியிருக்கிறது. அதே பிள்ளையிடம் ஐந்து பத்து ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் கொடுத்து, 27 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு பத்தைச் சில்லறை மாற்றி 25 என்கிறதா? பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோரின் ஆய்வு ஒன்று 2025-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வியாபாரம் பார்க்கும் பிள்ளைகள் கடைக்கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டு, பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளுக்குக் கடைக்கணக்கு தகராறு.

ஆகவே உங்கள் கேள்வி இப்படி இருக்கட்டும்: 'கடன் வாங்கிக் கழித்தலை எழுதிப் பழகும் முன் பத்து நாள் சில்லறை மாற்றும் விளையாட்டு நடத்தினால், இந்தத் தவறு குறைகிறதா?' முன்னும் பின்னும் பத்துப் பத்துக் கணக்கு கொடுங்கள். மதிப்பெண்ணோடு விடாமல், 35 வகைத் தவறு எத்தனை என்று தனியே எண்ணுங்கள். பக்கத்துப் பள்ளி ஒன்று வழக்கம்போலவே நடத்தட்டும். ஒப்பிட ஆள் இல்லாவிட்டால், நாள்போக்கில் தானாக வந்த முன்னேற்றத்தையும் நம் கணக்கில் எழுதிக்கொள்வோம். (நான் படித்த செயலாராய்ச்சி அறிக்கைகளில் 'பலன் இல்லை' என்று முடிந்தது ஒன்றுகூட இல்லை. உங்களுடையது முதலாவதாக இருந்தாலும் வெட்கப்பட வேண்டாம்.)

எத்தனை நிமிடம் பிடித்தது, எந்தப் பாடவேளையை எடுத்துக்கொண்டது என்பதையும் குறியுங்கள். நீங்கள் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதைப்போல நிலை பார்த்துக் குழு பிரிக்கும், பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் முறையை, பிகாரில் பயிற்சியும் புத்தகமும் மட்டும் கொடுத்து விட்டபோது வகுப்பில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஹரியானாவில் தனி நேரம் ஒதுக்கி, மேற்பார்வையும் வைத்த பிறகுதான் வாசிப்பு முன்னேறியது.

அப்புறம், காலம். ஆடி, ஆவணியில் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை விடுமுறைக்குப் பிறகு அதே பத்துக் கணக்கை மறுபடி கொடுங்கள். கற்றல் திறனைப் பார்க்கும் தேசியக் கணக்கெடுப்புத் தேர்வுகள் 2021-இல் நவம்பர் 12, 2024-இல் டிசம்பர் 4 என்று வைக்கப்பட்டன. இரண்டுமே நமக்கு அடைமழைக் காலம். விட்டுப்போன நாட்கள் எந்தப் பாடத்தை அடித்துக்கொண்டு போகின்றன என்பது டெல்டாவிலிருந்துதான் மேலே போக வேண்டிய கேள்வி. வருகைப் பதிவேட்டை வைத்து அதற்கும் ஒரு பத்தி சேருங்கள்.

படிவத்தில் 'தேசிய முன்னுரிமை' என்ற இடத்தில் 'அடிப்படை எண்ணறிவு' என்று எழுதினால் போதும். 2021-இல் வந்த மத்திய அரசின் 'நிபுண் பாரத்', 2022-இல் வந்த தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' ஆகிய இரண்டு திட்டங்களுக்கும் எழுத்தறிவோடு அதுவும் குறிதான். கூடவே 35 என்று எழுதிய நோட்டுப் பக்கம் இரண்டை, பெயரை மறைத்து நகலெடுத்து இணையுங்கள்.