சுவாசப்பை பழுதான பிறகு சுருட்டை விட்டு என்ன பயன்?

"பழுதானது பழுதாகிவிட்டது, இனி விட்டால் என்ன விடாவிட்டால் என்ன" என்கிற 61 வயது மாமாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஐயாவும் இதே கதைதான் கதைத்தார். சுன்னாகம் பக்கம், சின்ன வயதிலேயே சுருட்டுக் கொட்டிலில் வேலைக்குப் போனவர்.

பல வருடம் தொய்வு (ஆஸ்துமா) என்றே நினைத்து மருந்து எடுத்தார், ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரி பரிசோதனைக்கு ஒருவரும் அனுப்பவில்லை. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துப் பம்ப் (இன்ஹேலர்) அடித்த பிறகும், ஊதித் தள்ளும் மொத்தக் காற்றில் முதல் செக்கனில் வெளிவருவது 70 வீதத்துக்குக் குறைவாக இருந்தால் அது பெரும்பாலும் சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கும் நாட்பட்ட சுவாச நோய். தொய்வு வந்து போகும், இது முழுதாகப் போகாது.

மாமாவின் கணக்கில் அரைவாசி சரி. போனது திரும்பாது. ஆனால் வயதோடு எல்லோருக்கும் மூச்சு கொஞ்சம் குறையும், புகைப்பவர் பலருக்கு அது வேகமாகக் குறையும், விட்டால் அந்த வேகம் புகைக்காதவருடையதற்குக் கிட்ட வந்துவிடும். பம்ப் இழைப்பைத்தான் குறைக்கும், மிச்சத்தைக் காப்பாற்றுவது புகையை விடுவதுதான்.

விடுவது லேசு என்று சொல்லமாட்டேன். முதல் மூன்று நாளும் ஐயா வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிளேன்ரீ குடித்த கையோடுதான் ஆசை வரும், அது சில நிமிடம்தான் நிற்கும், அந்த நேரம் வாழைக்குத் தண்ணீர் விடப் போய்விடுவார். இரண்டு மாதம் கழித்து ஒரு செத்தவீட்டில் வெற்றிலைத் தட்டத்தில் சுருட்டும் இருந்தது, அவ்வளவுதான், பழையபடி. மூன்றாம் முறைதான் சரிவந்தது, ஆகவே மாமா ஒருக்கால் தவறினால் ஏசவேண்டாம். நிக்கொட்டின் மாற்று மருந்து பற்றி வைத்தியரிடம் கேளுங்கள், இலங்கையில் புகையை விட உதவும் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தாலும் ஆலோசனை சொல்வார்கள். சுருட்டுக்குப் பதிலாக வெற்றிலையோடு புகையிலை போடத் தொடங்கினால் அதற்கு இடம் கொடுக்காதீர்கள், அது வாய்ப் புற்றுநோய்க்கு வழி.

அப்புறம் பம்ப். ஐயா ஆறு மாதமாக நாக்கில்தான் அடித்திருக்கிறார்! ஸ்பேசர் குழாய் வைத்து இழுக்கப் பழக்கிய பிறகுதான் மருந்து உள்ளே போனது. ஸ்டீரொயிட் பம்ப் என்றால் அடித்த பின் வாய் கொப்பளிக்கவேண்டும். அம்மாவின் விறகடுப்பையும் வெளிக் கொட்டிலுக்கு மாற்றினோம், அந்தப் புகையும் இதே வருத்தத்தைத் தரும், ஒரு சுருட்டுக்கூடப் பற்றாதவர்களுக்கும்.

ஐயா இப்போதும் சந்தைக்குச் சைக்கிளில்தான் போகிறார், சந்தியில் ஒருக்கால் இறங்கி, உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விட்டுவிட்டு.