கிளைம் அதிகம் போட்டவருக்கு கார் இன்ஷூரன்ஸ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: போன வருடம் இரண்டு முறை கிளைம் வாங்கினேன். காருக்கு ஐந்து வயது, 1,200 சிசி. புதுப்பிக்கப் போனால் பிரீமியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்கிறார்கள். தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்துக்கொண்டால் போதாதா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கொட்டேஷனில் தேர்டு பார்ட்டி (நம் காரால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) எவ்வளவு, ஓன் டேமேஜ் (நம் காருக்கே ஏற்படும் சேதத்துக்கானது) எவ்வளவு என்று தனித்தனியாகப் பாருங்கள். தேர்டு பார்ட்டி தொகையை நிர்ணயிப்பது அரசு. 2022 ஜூனில் அறிவித்தபடி 1,000 சிசி வரை ரூ.2,094, 1,500 சிசி வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. ஜி.எஸ்.டி. 18% தனி. எத்தனை கிளைம் போட்டவருக்கும் இதே தொகைதான். இதைத் தரமாட்டோம் என்று எந்தக் கம்பெனியும் சொல்லக் கூடாது.

உங்களுக்கு ஏறியிருப்பது ஓன் டேமேஜ். கிளைம் வாங்கியதும் என்.சி.பி. (கிளைம் போடாத வருடங்களுக்காகத் தரும்) தள்ளுபடி பூஜ்ஜியமாகிவிடும், எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் அது திரும்பி வராது. அதற்கு மேல் கம்பெனி தானாக ஏற்றும் லோடிங் (கூடுதல் பிரீமியம்) இடத்துக்கு இடம் மாறும். ஆகவே ஒரு பொதுத்துறை கம்பெனியையும் சேர்த்து நான்கு இடத்தில் ஒரே ஐ.டி.வி.க்கு (பாலிசியில் காருக்குக் குறிக்கும் மதிப்பு) விலை கேளுங்கள். "கிளைமே இல்லை என்று போட்டுவிடலாம் சார்" என்று ஏஜென்ட் சொன்னால் சம்மதிக்காதீர்கள். புதிய கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்யும். பொய் தெரிந்தால், பெரிய விபத்து நடந்த நேரத்தில்தான் கிளைம் கைவிட்டுப் போகும்.

புயலும் வெள்ளமும் வருகிற கடலூரில் ஐந்து வயதுக் காருக்கு ஓன் டேமேஜை விடுவது சரியில்லை. அதன் பிரீமியம் ஐ.டி.வி.யில் பத்தில் ஒரு பங்கைத் தொடும்போது அந்த யோசனைக்கு வரலாம். அதுவரை செலவைக் குறைக்க வேறு வழி, சின்னக் கீறலுக்கெல்லாம் கிளைம் போடாமல் இருப்பது.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ.10,000; ஒருவர் இப்போது 45% என்.சி.பி.யில் இருக்கிறார். கிளைம் போடாவிட்டால் அடுத்த வருடம் முதல் 50% தள்ளுபடி, கட்டுவது ரூ.5,000. போட்டால் 0, 20, 25, 35, 45% என்று மறுபடி படியேற வேண்டும். கூடுதலாகக் கட்டுவது முறையே ரூ.5,000, 3,000, 2,500, 1,500, 500. மொத்தம் ரூ.12,500, ஜி.எஸ்.டி. சேர்த்தால் ரூ.14,750. வருடா வருடம் ஐ.டி.வி. இறங்குவதால் இது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். போதாக்குறைக்கு 1,500 சிசி வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கிளைமிலும் முதல் ரூ.1,000 நம்முடையது, பிளாஸ்டிக் பம்பர் விலையில் பாதியைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். ரூ.8,000 பம்பருக்கு ஓடிப்போய் கிளைம் போடுவது நஷ்டம்.

உங்களுக்கு என்.சி.பி. ஏற்கெனவே பூஜ்ஜியம் என்பதால் இழப்பு குறைவுதான். ஆனாலும் அடுத்த 20% கிடைக்க ஒரு வருடம் சும்மா இருந்தே ஆகவேண்டும். சின்னச் செலவைக் கையிலிருந்து பார்த்துக்கொள்ள முடியுமானால், ரூ.5,000 வரை நானே ஏற்கிறேன் என்று எழுதிக்கொடுத்துத் தள்ளுபடி கேளுங்கள். முடியாதென்றால் அதைத் தொடாதீர்கள். பாலிசி தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்: முடிந்து 90 நாள் தாண்டினால், சேர்த்த என்.சி.பி. எதுவானாலும் போய்விடும்.

கேள்வி: காரை பி.ஒய். (புதுச்சேரி) பதிவுக்கு மாற்றினால் இன்ஷூரன்ஸ் குறையுமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: குறையாது. தேர்டு பார்ட்டி நாடு முழுக்க ஒன்று. ஓன் டேமேஜுக்கு சென்னை போன்ற பெருநகரங்கள் ஏ மண்டலம். கடலூர், புதுச்சேரி இரண்டுமே பி மண்டலம்.

கேள்வி: புதுச்சேரியில் குடித்துவிட்டுக் கடலூர் திரும்பும் வழியில் நண்பர் ஒரு பைக்கை இடித்துவிட்டார். 'பம்பர் டு பம்பர்' பாலிசி இருக்கிறது. பணம் வருமா?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: அவர் காருக்கு வராது. 'பம்பர் டு பம்பர்' தேய்மானக் கழிவைத்தான் நீக்கும். போதையில் ஓட்டினால் ஓன் டேமேஜ் கிடையாது என்ற விதி அதிலும் உண்டு. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே ரூ.10,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். பைக்கில் வந்தவருக்கான இழப்பீட்டை முதலில் கம்பெனி கொடுத்துவிட்டு, பிறகு கார்க்காரரிடம் வசூலிக்கட்டும் என்றுதான் நீதிமன்றங்கள் வழக்கமாகச் சொல்கின்றன. காயம் பலமாக இருந்தால் தொகை பல லட்சம் போகும். அடிபட்டவரின் சிகிச்சையை நண்பர் இப்போதே முன்னின்று கவனிக்க வேண்டும்.

கேள்வி: மழைவெள்ளத்தில் நின்ற காருக்கு முழு பாலிசி இருந்தும் இன்ஜினுக்குப் பணம் மறுக்கிறார்களே?
– வாசகர், வில்லியனூர்

பதில்: 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படி நீர் புகுந்த காரில் சாவியைத் திருகினால் சிலிண்டருக்குள் தண்ணீர் போகும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளம் செய்த சேதம் இல்லை, ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் எழுதிவிடுவார். ஆகவே ஸ்டார்ட் செய்யவே கூடாது. எட்ட முடிந்தால் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். நீர் நின்ற மட்டம் தெரிய படமெடுத்து, கம்பெனிக்குச் சொல்லி, வண்டியைத் தூக்கிச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். தாழ்வான தெருவில் நிறுத்துகிறவர்கள் இன்ஜின் புரொடெக்‌ஷனைக் கூடுதலாக எடுப்பது அவசியம். ஸ்டார்ட் செய்த சேதத்துக்கும் அது தருமா என்று வாங்கும்போதே படித்துப் பாருங்கள்.

மறுப்புக் கடிதம் வந்துவிட்டால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) போகலாம். புதுச்சேரியும் அதன் எல்லைக்குள்தான் வருகிறது. ஓராண்டுக்குள் மனு போட வேண்டும், கட்டணம் கிடையாது.