வீட்டில் செய்யும் குரோஷே பைகள், டெரகோட்டா நகைகளைச் சென்னையில் எங்கே விற்பது?

முதலில் ஆன்லைனை ஓரம் வையுங்கள். நவராத்திரி, தீபாவளிக்கு முன்னால் பெரிய அடுக்ககங்களில் ஸ்டால் போடுவார்கள், ஒரு மேசைக்கு வாடகை கொடுத்து உட்கார்ந்தால் எது விலை போகிறது, எதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும். கொலுவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்கச் சின்னப் பொருளாக மொத்தமாகக் கேட்பார்கள் பாருங்கள், காசு அங்கேதான். அதனால் ஆடியிலேயே மாதிரிகளைக் காட்டத் தொடங்குங்கள்.

பொட்டிக்குகளில் வைப்பதென்றால் கமிஷன் போக என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டு விலை சொல்லுங்கள். விற்ற பிறகுதான் பணம் தருவார்கள், அதையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

அப்புறம் ஜிஎஸ்டி பயம். ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால், 2023 அக்டோபரிலிருந்து, முழுப் பதிவு இல்லாமல் ஜிஎஸ்டி தளத்தில் ஒரு எண் மட்டும் வாங்கிக்கொண்டு மீஷோ மாதிரித் தளங்களில் விற்கலாம், ஆனால் தமிழ்நாட்டுக்குள் மட்டும். என்னைக் கேட்டால் அங்கே மிஷின் சரக்கோடு விலையில் மோதுவது கைவேலைக்குக் கட்டுப்படியாகாது. டெரகோட்டாவுக்கு மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துப் பாருங்கள், கிடைத்தால் அரசுக் கண்காட்சிகளில் ஸ்டால் கேட்கலாம்.