வக்ஃபு நிலத் தகராறு: கேள்வி பதில்

தாராபுரம்: ரோட்டுக்கு மையவாடியில (முஸ்லிம் அடக்கத்தலம்) மூணு சென்ட் தானமா எழுதிக் குடுங்கன்னு நகராட்சி கேக்குதுங்க. முத்தவல்லி (வக்ஃபு நிர்வாகி) கையெழுத்துப் போடலாமுங்களா?

கூடவே கூடாதுங்க. வக்ஃபு சட்டத்தின் 2013 திருத்தத்துக்கு அப்புறம், வக்ஃபு (மத, தரும காரியத்துக்கு நிரந்தரமா ஒதுக்கின) சொத்தின் விற்பனை, தானம், பரிவர்த்தனை, அடமானம் எதுவும் செல்லாது. வக்ஃபு வாரிய அனுமதி இல்லாமல் எழுதிக் கொடுத்தால் அதே சட்டத்தின் 52ஏ பிரிவில் தண்டனை உண்டு. நிலம் வேணும்னா அரசு முறைப்படி கையகப்படுத்தட்டும். அப்போ 91ஆம் பிரிவுப்படி வாரியத்துக்கு அறிவிப்புப் போகணும், மூணு மாசத்துக்குள்ள வாரியம் ஆஜராகி வாதாடலாம். இப்போதைக்குப் புல எண்ணும் அளவும் போட்ட கடிதத்தை நகராட்சிகிட்ட கேட்டு வாங்குங்க. சர்வேயரை வச்சு அளந்து, ஓரத்துக் கபர் (கல்லறை) வேலியிலிருந்து எத்தனை அடின்னு வரைபடத்தில் குறிச்சு வாரியத்துக்கு அனுப்புங்க. "ஆட்சேபணை இல்லை"ன்னு ஜமாஅத் நோட்டில் ஒரு வரி எழுதினாலும் நாளைக்கு அதைத்தான் நமக்கு எதிரா நீட்டுவாங்க.

பவானி: பள்ளிவாசல் இடம் கணக்குல புறம்போக்குன்னு இருக்குதுங்க.

1980களின் யூ.டி.ஆர். (நில உடைமை மேம்பாட்டுத் திட்டம்) பதிவில் வந்த பிழையான்னு பாருங்க. அதுக்கு முந்தைய அ-பதிவேடு (கிராம நிலக் கணக்கு), இனாம் (மானிய நிலம்) பதிவேட்டு நகல், வக்ஃபு அரசிதழ்ப் பக்கம் எல்லாம் சேர்த்து டி.ஆர்.ஓ.வுக்கு (மாவட்ட வருவாய் அலுவலர்) மனுப் போடுங்க. பட்டா மட்டும் உரிமைப் பத்திரம் ஆகாது.

காங்கேயம்: பட்டாவை ஜமாஅத் பேருக்கு மாத்திட்டாப் போதுமுங்களா?

இப்பத்தான் சொன்னேன். பட்டா உரிமைப் பத்திரம் ஆகாதுங்க.

கரூர்: பள்ளிவாசல் கடைகளுக்குச் சொத்துவரி உண்டா?

உண்டு. விலக்கு தொழுகை இடத்துக்குத்தான்.

கோபி: நிர்வாகிகள் தேர்தல் தகராறு...

இங்கே பேசுறது நிலம் மட்டும். வாரியத்துக்கு எழுதுங்க.

ஈரோடு: 40 வருசமாக் குடியிருக்கறவர், 12 வருசம் தாண்டியாச்சு, இடம் எனக்கேங்கறார்.

பல்லடம் (குறுக்கிட்டு): வக்ஃபு சொத்தை மீட்க வழக்குப் போடக் காலவரையறையே கெடையாதுங்களே, 107ஆம் பிரிவு இருக்குதே!

இருந்தது. 2025 திருத்தத்தில் நீக்கிட்டாங்க. 15-9-2025 இடைக்கால உத்தரவில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்துக்குத் தடை தரலை.

பல்லடம்: அப்போ இடம் போச்சுங்களா?

இல்லைங்க, அவசரப்படாதீங்க. சும்மா இருந்துட்டா எதிர் அனுபவம் (அடுத்தவர் இடத்தில் நீண்ட காலம் இருந்து உரிமை கோருறது) ஆகாது. உரிமையாளரை மறுத்து, வெளிப்படையா, தொடர்ச்சியா 12 வருசம் இருந்திருக்கணும். வாடகைக்கு வந்தவர் அப்படிச் சொல்ல முடியாது. ஆனா வாடகைக்குத்தான் வந்தார்னு காட்ட ஆதாரம் வேணுமே! பரண்மேல கிடக்கும் ரசீதுப் புத்தகங்களை இறக்குங்க. அடிக்கட்டையில் (ரசீதைக் கிழிச்சபின் புத்தகத்தில் நிக்கற பகுதி) அவர் பேர், தேதி, தொகை, கைரேகை எது இருந்தாலும் பக்கம் பக்கமாப் படி எடுத்து வைங்க. கரையான் பிடிச்ச புத்தகத்தையும் தூக்கிப் போடாதீங்க. அப்புறம் 54ஆம் பிரிவில் வாரிய முதன்மைச் செயல் அலுவலருக்குப் புகார் கொடுங்க. அவர் நோட்டீஸ் விட்டு விசாரிச்சு, காலி பண்ண உத்தரவு கேட்டு வக்ஃபு தீர்ப்பாயத்துக்குப் போவார்.

திருப்பூர்: பட்டா நம்ம பேருல இருந்தா அவரைக் காலி பண்ண முடியுமுங்களா?

பட்டா பத்தாதுங்க. அடிக்கட்டையைத் தேடுங்க.