செட்டிநாட்டு வீட்டில் தங்கி வரைவது: வடசென்னை அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

வண்ணாரப்பேட்டையில் ஞாயிறுதோறும் கூடி ஓவியம் பழகும் நம் குழுவினர், காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், விடுதியாக மாற்றப்பட்ட பழைய நகரத்தார் வீட்டில் சில நாள் தங்கிவர எண்ணியுள்ளனர். அங்கே பலமுறை போய்த் தங்கியவன் என்பதால் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

விடுதி என்றால் நம் ஊர் லாட்ஜ் போல இருக்குமா ஐயா? பொழுது எப்படிப் போகும்? (தண்டையார்பேட்டை வாசகி)

லாட்ஜ் போல இராது, அம்மா. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடு அது. வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில்தான் நாம் தங்குவோம். காலையில் காபிக்குப் பிறகு வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வரும். சில நாள் கவுனி அரிசி இனிப்பும் இருக்கும். வெளியே போவதாக இருந்தால் காலை உணவு முடிந்தவுடன் கிளம்பிவிட வேண்டும். பதினொரு மணிக்கு மேல் அந்த வெயிலில் நின்று வரைய முடியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஊரே அடங்கிவிடும். அந்த நேரத்தை வீண் என்று நினைக்காமல், வளவின் தூண் நிழல் தரையில் நகர்வதைப் பார்த்து வரையுங்கள். ஒரே தூணை இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் வரைந்து பார்த்தால், ஒளியைப் பற்றி வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பதைவிட அதிகமாகவே புரிந்துவிடும். நான்கு நாள் தங்கினால் இரண்டு நாள் வெளியே போனால் போதும் என்பது என் உறுதியான கருத்து.

ஆத்தங்குடியில் டைல்ஸ் செய்வதைப் பார்க்க விடுவார்களா? (கொருக்குப்பேட்டை, கல்லூரி மாணவர்)

விடுவார்கள், தம்பி. கேட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். வேலையின் குறுக்கே நிற்கக் கூடாது. ஒரு கண்ணாடிப் பலகையின்மேல் சட்டத்தை வைத்து, பூ வடிவ அச்சை அதற்குள் இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை அசையாமல் மேலே தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். அந்தக் கணத்தில் கையின் பக்குவத்தைக் கவனியுங்கள். பிறகு சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி, மேலே ஈரக் கலவையை நிரப்பி அழுத்துவார்கள். காய்ந்தபின் நீர்த்தொட்டியில் சில நாள் ஊறவைத்து, மீண்டும் உலர்த்துவார்கள். சூளையில் வைத்துச் சுடுவதே கிடையாது. கண்ணாடியோடு ஒட்டியிருந்த பக்கமே மேற்பரப்பாவதால், இயந்திரத்தால் தேய்க்காமலே பளபளப்பு வந்துவிடுகிறது. ஒரு டைல்ஸ் கல்லாவது விலை கொடுத்து வாங்கிவாருங்கள். அவர்கள் நேரத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம் அல்லவா?

சித்தன்னவாசலையும் சேர்த்துக்கொள்ளலாமா? (திருவொற்றியூர் அன்பர்)

அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அன்றைக்கு வேறெதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். புதுக்கோட்டையைத் தாண்டிச் செல்ல வேண்டும். அறிவர் கோயில் என்னும் அந்தச் சமணக் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது: மீன்கள், யானைகள், எருமைகள், பூப்பறிக்கும் மனிதர்கள். மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுப்பித்ததை 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டு கூறுகிறது. ஓவியங்கள் பெரிதும் மங்கிவிட்டன. ஆகையால் உள்ளே நுழைந்தவுடன் எதுவும் தெரியவில்லை என்று திரும்பிவிடாமல், கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுத்திருங்கள். முதலில் தாமரை இலைகளின் பச்சையும் பிறகு கோடுகளும் தென்படும். பிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம். மலைமேல் சமண முனிவரின் கற்படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டத்துக்கு ஏறுவதானால் காலையிலேயே ஏறிவிடுங்கள். பாறை சீக்கிரம் சூடேறிவிடும்.

வழியில், புதுக்கோட்டைக்கும் திருமயத்துக்கும் இடையே நமணசமுத்திரம் ஐயனார் கோயிலில் வரிசையாக நிற்கும் சுடுமண் குதிரைகளைப் பார்க்காமல் வராதீர்கள். வேளார்கள் என்னும் மண்பாண்டக் கலைஞர்கள் செய்து, நேர்த்திக்கடனாக வைக்கப்பட்டவை அவை. வழிபாட்டு இடம் என்பதை மறக்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு, பூசாரியிடம் சொல்லிவிட்டு வரைய உட்காருங்கள்.

அம்மாவுக்கு மூட்டுவலி. கூட்டிப்போகலாமா அண்ணா? (ராயபுரம்)

தாராளமாகக் கூட்டிவாருங்கள். பழைய வீடுகளில் வாசற்படிகள் உயரமாகவும், அறைக்கு அறை நிலைப்படி குறுக்கிட்டும் இருக்கும் என்பதால், கீழ்த்தளத்தில் குளியலறையுடன் கூடிய அறைதான் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். ஏழடிப்பட்டம் அவருக்கு வேண்டாம். காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்யும் தறியருகே உட்காரவைத்தால் அவருக்கு நேரம் போவதே தெரியாது. அந்தப் பருத்திச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பழம்பொருள் கடைகளில் மரத்தூண் வாங்கி, சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு அனுப்பலாமா? (பழைய வண்ணாரப்பேட்டை)

வேண்டாம் என்றே சொல்வேன். நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அங்கே விலைக்கு வரும் தூண்களும் நிலைகளும் பெரும்பாலும் இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து பெயர்க்கப்பட்டவை. பர்மாவிலிருந்து கடல் கடந்து வந்த தேக்கு, அது தாங்கிய கூரை போனபின் சந்தையில் சாய்ந்து கிடப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. தம்பிக்கு ஓலைக்கொட்டான், அதாவது பனையோலைக் கூடை, வாங்கி அனுப்புங்கள். அது இன்றும் அங்கே பெண்கள் முடைந்து விற்கும் பொருள். அந்தப் பணம் அவர்கள் கைக்குப் போகும்.

எந்த மாதம் போகலாம்? ரயில் உண்டா? (எண்ணூர்)

தை, மாசி நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வரலாம். சித்திரை, வைகாசியைத் தவிர்த்துவிடுங்கள். ராமேசுவரம் செல்லும் இரவு ரயிலில் ஏறினால் காரைக்குடியில் இறங்கிக்கொள்ளலாம். எழும்பூரில் ஏறுவதா தாம்பரத்தில் ஏறுவதா என்பதைப் பயணச்சீட்டில் பார்த்துவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்புங்கள். எண்ணூரிலிருந்து தாம்பரம் போய்ச் சேர வெகுநேரம் பிடிக்கும்.